வீட்டுக் கராஜில் கார் லிப்ட்: குறியைப் பார்த்துக் கோளாறைப் பிடித்தல்

கிளிநொச்சிப் பக்கம் வீட்டோடு கராஜ் வைத்திருக்கும் நாலைந்து பேருக்கு இரண்டு தூண் லிப்ட் பூட்டிக் கொடுத்திருக்கிறேன். முதலாவது என்னுடையது. பிழைகளில் பெரும்பாலானவற்றை அதிலேயே விட்டு முடித்துவிட்டேன் என்பதால் மற்றவர்களுடையது கொஞ்சம் நன்றாக வந்தது. 2020 இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு, இருக்கிற பழைய ஹையேஸையும் டபுள் கேபையும் திருத்தித் திருத்தி ஓடுவதே வழி என்றாகிவிட்டது. 2025 இல் இறக்குமதி திறந்தாலும் புதிய வாகனத்தின் விலை எட்டுகிற உயரத்தில் இல்லை. அதனால் வளவுக்குள் ஒரு லிப்ட் நிற்பது இப்போது பகட்டான விஷயமல்ல.

இங்கே நான் எழுதுவது 4 தொன் தூக்கும், 2.2 கிலோவாற் மோட்டர் உள்ள, ஹைட்ரோலிக் (ஒயில் அமுக்கத்தில் வேலை செய்யும்) இரண்டு தூண் லிப்ட் பற்றி. இந்தப் பக்கம் வந்து இறங்குவது அநேகமாக அந்த வகைதான். கோளாறு வந்தால் எல்லோரும் முதலில் லிப்டைத் திட்டுவார்கள். நான் பார்த்த அளவில் லிப்ட் பாவம். அதற்குக் கீழே இருக்கிற நிலமும் பின்னால் வருகிற வயரும்தான் அதிகம் சதி செய்கின்றன.

எதைத் தொடுவதற்கும் முன் ஒன்று: வாகனம் மேலே நிற்கும்போது கோளாறு காட்டினால் கீழே போய் நின்று பார்க்காதீர்கள். லொக்கில் (தூணுக்குள் கையைத் தாங்கிப் பிடிக்கும் கொக்கியில்) இருத்துங்கள், இறக்க முடிந்தால் இறக்குங்கள். முடியாவிட்டால் பிள்ளைகளையும் கோழிகளையும் கராஜுக்கு வெளியே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு யோசியுங்கள்.

நட் சுற்றிக்கொண்டே போகிறது, இறுகவில்லை

பூட்டுகிற நாளிலேயே தலைகாட்டும் கோளாறு இது. தூணின் அடித்தகட்டை நிலத்தோடு பிடித்து வைப்பது அங்கர் போல்ட். (அங்கர் என்றதும் பால்மா ஞாபகம் வந்தால் நீங்கள் நம்முடைய ஆள்.) துளைக்குள் அடித்து இறக்கி நட்டை இறுக்கும்போது, அதன் அடியில் இருக்கும் உறை விரிந்து கொங்கிறீட்டை இறுகப் பிடிக்க வேண்டும். நல்ல தளமென்றால் மூன்று முதல் ஐந்து சுற்றுக்குள் இறுக்கம் வந்துவிடும். என் லிப்டோடு வந்த புத்தகத்தில் 150 அடி-பவுண்ட் இறுக்கம் என்று போட்டிருந்தது. உங்களுடையதில் உள்ளதைப் பாருங்கள். எட்டு, பத்துச் சுற்றுப் போயும் டோர்க் ஸ்பனர் (குறித்த இறுக்கம் வந்ததும் சத்தம் தரும் ஸ்பனர்) கிளிக் சொல்லவில்லை, போல்ட் மெல்ல மெல்ல மேலே எழும்பி வருகிறது என்றால் உறை எதையும் பிடிக்கவில்லை.

என் கராஜின் தளத்தைப் போட்ட மேசன் அண்ணை குதிக்காலால் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டி, “தம்பி, இதில லொறியே ஏத்தி நிப்பாட்டலாம்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. லொறி நின்றால் பாரம் நேரே கீழே அழுத்தும். லிப்டின் கதை வேறு. கைகள் உட்பக்கம் நீண்டு வாகனத்தைத் தாங்குவதால் தூண்கள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கிச் சரியப் பார்க்கும். அடித்தகட்டின் உள்விளிம்பு நிலத்தை அழுத்த, வெளிப்பக்கத்துப் போல்ட்டுகள் மேலே பிடுங்கப்படும். தளத்துக்கு அழுத்தம் தாங்கத் தெரிந்தால் மட்டும் போதாது, போல்ட்டை விடாமல் பிடிக்கவும் தெரிய வேண்டும்.

எனக்கு உண்மையைச் சொன்னது துளையிடும் இயந்திரம்தான். முதல் துளையில் சாம்பல் நிறத் தூசி நல்லபடியாக வந்துகொண்டிருந்தது. மூன்று அங்குலம் போனதும் அலகு ‘டக்’ என்று உள்ளே விழுந்தது, வெளியே வந்த தூசி சிவந்துவிட்டது. கிறவல். கீழே கொட்டி இறுக்கிய கிறவலுக்கு மேல் மூன்று அங்குலக் கொங்கிறீட். வீட்டு விறாந்தைக்குப் போடுகிற அதே தளம். நான் அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும். அடுத்த துளை நன்றாக இருக்கும் என்று இன்னும் மூன்று துளை போட்டேன். மூன்றிலும் சிவப்பு.

ஆகவே லிப்ட் வந்து இறங்குவதற்கு முன்பே, தூண் வராத ஒரு மூலையில் துளையிட்டுத் தூசியின் நிறத்தைப் பாருங்கள். இந்த அளவு லிப்ட்டுக்கு ஆறு அங்குலத் தடிப்பாவது வேண்டும். இல்லையென்றால் தளத்தை வெட்டிப் புதிதாகப் போடுவதைத் தவிர வேறு மருந்தில்லை. நீளமான போல்ட் வாங்குவது, துளைக்குள் சீமெந்துக் கூழ் ஊற்றிப் போல்ட்டை நடுவது, அடித்தகட்டைப் பெரிதாக்கி வெல்டிங் அடிப்பது எல்லாம் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

நான் போட்டது இப்படி: இரண்டு தூணுக்கும் தனித்தனிக் குழி வெட்டாமல், ஒரு தூணிலிருந்து மற்றத் தூண் வரை ஒரே பட்டையாக 14 அடி நீளம், 4 அடி அகலம், 1 அடி ஆழம். 12 மில்லிமீற்றர் கம்பி, ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக இரண்டு பக்கமும், மேலே ஒரு வலை, கீழே ஒரு வலை. கலவை, சீமெந்து, மணல், கல் என்ற கணக்கில், ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று. இங்கே வழமையாகக் கலக்கும் ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு வீட்டுத் தளத்துக்குச் சரி, இதற்குக் காணாது. 50 கிலோ சீமெந்து 13 பை போனது. காய்ந்த பிறகு அந்தப் பட்டையின் நிறையே கிட்டத்தட்ட 4 தொன் வரும், அதாவது லிப்ட் தூக்கக்கூடிய ஆகக்கூடிய பாரம் அளவு. கலக்கும்போது ஆட்கள் வேலை லேசாகட்டும் என்று வாளி வாளியாகத் தண்ணீர் விடுவார்கள். பக்கத்தில் நின்று தடுக்க வேண்டியது அங்கேதான். கஞ்சிபோல ஓடும் கலவை காய்ந்தால் தேங்காய்ப் பிண்ணாக்குப் போல உதிரும்.

போட்ட பிறகு ஈரச்சாக்கு விரித்து ஒரு கிழமைக்கு மேல் நனைத்துக்கொண்டிருங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் காலையில் நனைத்த சாக்கு பத்து மணிக்கே மொறுமொறுவென்று நிற்கும், எங்கள் வீட்டில் அம்மாதான் மணிக்கொருதரம் வாளியோடு போனா. துளையிட 28 நாள் பொறுக்க வேண்டும். அந்த 28 நாளும் லிப்ட் தறப்பாளுக்குள் கிடக்கும், வருகிறவர்கள் எல்லோரும் “இன்னும் பூட்டேல்லையோ?” என்பார்கள்.

தளம் நல்லதாக இருந்தும் போல்ட் இறுகாவிட்டால் துளையைப் பாருங்கள். தேய்ந்த அலகால் ஆட்டி ஆட்டித் துளைத்தால் வாய் அகன்றுவிடும். தூசியை வெளியே எடுக்காமல் போல்ட்டை அடித்தால் உறை தூசியில் வழுக்கும். கொம்பிரசர் இல்லாத வீட்டில் சைக்கிள் பம்பின் குழாயைத் துளையின் அடிவரை விட்டு அடியுங்கள், நன்றாகவே வேலை செய்யும். கண்ணை மட்டும் மூடிக்கொள்ளுங்கள்.

குழி வெட்டும்போது இன்னொன்று. நாங்கள் இருப்பது வன்னி, சண்டை நடந்த மண், வெடிக்காத குண்டு கிடக்கலாம். ஓரடி ஆழம்தானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். அலவாங்கு தெரியாத இரும்பில் பட்டாலோ, துருவேறிய உருளை, இறக்கை மாதிரி ஏதாவது தெரிந்தாலோ அப்படியே விட்டுவிட்டு விலகி வந்து பொலிசுக்கு அறிவியுங்கள். இழுத்துப் பார்க்கிற வேலை வேண்டாம்.

மாரி முடிந்த பிறகு தூண் சரிந்து நிற்கிறது

பூட்டும்போது தூக்குக் குண்டு நேராக விழுந்தது, தை மாதம் பார்த்தால் விரலளவு விலகல். அல்லது அடித்தகட்டின் ஒரு பக்கத்துக்குக் கீழே தாள் நுழைகிறது. போல்ட் தளர்ந்திருந்தால் மட்டும் இறுக்கி, ஒரு கிழமை வெறுமனே ஏற்றி இறக்கிப் பாருங்கள். போல்ட் இறுக்கமாக இருந்தும் தூண் சரிந்தால் சரிந்தது தூண் அல்ல, தளம்.

இதற்கு எங்கள் பக்கத்தில் இரண்டு காரணம் உண்டு. ஒன்று களிமண். முருங்கன் பக்கத்துக் கரிய களி கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மாரியில் உப்பும். அதன்மேல் போட்ட எந்தத் தளமும் வருடத்துக்கொருமுறை மூச்சு விடும். களியைத் தேவையான ஆழத்துக்கு அகற்றிக் கிறவல் போட்டு, தட்டித் தட்டி இறுக்கியபின்தான் கொங்கிறீட். வயலை மூடிக் கட்டிய வீடுகளுக்கும் இதே கதைதான்.

மற்றது, வேறு ஊர்க்காரருக்குச் சொன்னால் விளங்காதது: மூடிய பங்கர், அதாவது பதுங்கு குழி. சண்டைக் காலத்தில் ஒவ்வொரு வளவிலும் ஒன்றோ இரண்டோ இருந்தன. திரும்பி வந்தபோது கையில் கிடைத்த மண், ஓட்டுத் துண்டு, பனங்குற்றி என்று எல்லாவற்றையும் போட்டு மூடினோம், யாரும் இறுக்கி மூடவில்லை. உள்ளே போன குற்றி உக்க உக்க மேல்மண் இறங்கும். நான் பூட்டிக் கொடுத்த ஒரு வீட்டில் இடதுபக்கத் தூண் மட்டும் இறங்கியது. வீட்டுக்கார ஐயாவிடம் கேட்டபோது கொஞ்ச நேரம் தூணையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “இதிலதான் நாங்கள் இருந்தது” என்றார். கராஜ் கட்டும்போது அவருக்கே அது மறந்துபோயிருந்தது. லிப்டை இரண்டு பாகம், அதாவது பன்னிரண்டு அடியளவு, தள்ளிப் பூட்டினோம். எனவே இடம் தெரிவுசெய்யும்போது வீட்டில் மூத்த ஆட்களிடம் ஒருமுறை கேளுங்கள்.

சிறிய விலகலென்றால் அடித்தகட்டுக்குக் கீழே லாட வடிவச் சிம் தகடு வைத்து நிமிர்த்தலாம். அரை அங்குலத்துக்கு மேல் சிம் கேட்கிற தளம் தளமே இல்லை. கூரைத் தண்ணீர் தூணடியில் விழாதபடி பீலி வைத்தால் பாதிப் பிரச்சினை வராது.

மோட்டர் உறுமுகிறது, தூக்கவில்லை

சுவிச்சை அழுத்தினால் ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம், வீட்டுக்குள் லைட் மங்கும், பிறகு பிறேக்கர் விழும். அல்லது காலையில் தூக்குகிற வாகனத்தை மாலையில் தூக்காது. மோட்டரைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டு ஓடாதீர்கள், முதலில் வோல்ற் மீற்றரை எடுங்கள்.

என் வீட்டில் மெயின் போர்ட்டிலிருந்து கராஜ் 30 மீற்றர். கரண்ட் வேலை செய்த தம்பி 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் இழுத்திருந்தார், பிளக் பொயிண்டுக்கு இழுக்கிறது அதுதான். போர்ட்டில் 226 வோல்ற் இருந்தது. லிப்டை அழுத்திய கணத்தில் மோட்டர் வாயில் 176. கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். அந்த வயரின் தடை ஆயிரம் மீற்றருக்கு ஏறத்தாழ 7.4 ஓம். போக 30, வர 30, மொத்தம் 60 மீற்றருக்கு 0.44 ஓம். ஓடும்போது மோட்டர் இழுப்பது 18 அம்பியர், அப்போது 8 வோல்ற்தான் தொலையும், பரவாயில்லை. ஆனால் கிளம்பும் நொடியில் 80 அம்பியர் கேட்டால் 35 வோல்ற் வயரிலேயே போய்விடும். அதே நொடியில் வீதிக் கம்பியிலிருந்து வரும் வோல்ற்றும் கொஞ்சம் தாழும். மிச்சத்தில் மோட்டர் சுற்றுமா, உறுமத்தான் செய்யும். 6 சதுர மில்லிமீற்றர் வயருக்கு மாற்றியபின் அதே இடத்தில் தொலைவது 15 வோல்ற் ஆனது. லைட் மங்குவதும் குறைந்தது, வீட்டில் ரீவி பார்ப்பவர்களின் கோபமும் குறைந்தது.

வயரும் சரி, வோல்ற்றும் சரி, இன்னும் உறுமல்தான் என்றால் கப்பாசிற்றர். ஒற்றைப் பேஸ் மோட்டரைக் கிளப்பி விடுவது அதுதான், வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நின்றால் ஊதி வெடிக்கும். கரண்டை நிறுத்தினாலும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும், வெறுங்கையால் தொட வேண்டாம். அதே மைக்ரோபராட், அதே அல்லது கூடிய வோல்ற் போட்ட ஒன்றை வாங்குங்கள்.

பிறேக்கர் மட்டும் விழுந்து, மற்றதெல்லாம் சுகமென்றால் அது பி வகையாக இருக்கலாம். மோட்டர் கிளம்பும் இழுவைக்கு சி வகை வேண்டும். அம்பியரைக் கூட்டிப் போடுவது வேறு, வகையை மாற்றுவது வேறு. வயருக்கு மிஞ்சிய அம்பியரில் பிறேக்கர் போட்டால் அடுத்து எரிவது வயர். இரவு ஏழு மணிக்கு ஊரெல்லாம் லைட்டும் ரீவியும் போடும் நேரத்தில் வோல்ற் தாழ்ந்தால் அது உங்கள் கையில் இல்லை. வாகனம் தூக்குகிற வேலையைப் பகலுக்கு மாற்றுங்கள்.

அழுத்தினால் சத்தமே இல்லை, அல்லது ட்ரிப் சுவிச் விழுகிறது

சத்தமில்லாவிட்டால் கரண்டை நிறுத்திக் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பத்தில் எத்தனை முறை எறும்பு என்று நான் எண்ணவில்லை, ஆனால் நிறைய. கொன்டக்டருக்குள் (மோட்டருக்குக் கரண்டைச் சேர்த்துவிடும் சுவிச்சுக்குள்) கூடு வைத்து முனைகள் தொடாதபடி தடுத்துவிடும். ஒருமுறை ஒரு பல்லி இரண்டு முனைக்கும் நடுவில் கருகிக் கிடந்தது. தூரிகையால் துடைத்து, வயர் நுழையும் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள்.

கார்த்திகை மழையில் ட்ரிப் சுவிச் (கரண்ட் கசிந்தால் தானே நிறுத்தும் சுவிச்) விழுந்தால் ஈரம். மோட்டரின் இணைப்புப் பெட்டியைத் திறந்து உலரவிடுங்கள். ட்ரிப் சுவிச்சைத் தாண்டி நேர்க் கரண்ட் கொடுக்கச் சொல்லும் ஆளை வீட்டுக்குள் எடுக்காதீர்கள். நனைந்த நிலத்தில் நின்று இரும்புத் தூணைப் பிடிக்கப்போவது நீங்கள்தான்.

மோட்டர் நன்றாகச் சுற்றுகிறது, கை ஏறவில்லை

மூன்று பேஸ் மோட்டரென்றால் முதல் சந்தேகம் திசை. தலைகீழாகச் சுற்றினால் பம்ப் ஒயிலை இழுக்காது. மூன்றில் எந்த இரண்டு வயரையும் இடம் மாற்றினால் சரி. சில நொடிக்கு மேல் தலைகீழாக ஓட விட வேண்டாம்.

ஒற்றைப் பேஸென்றால் ஒயில் அளவைப் பாருங்கள், கைகள் முழுக்கக் கீழே இருக்கும்போது. இறக்கும் லீவர் முழுதாக மூடவில்லையா என்றும் பாருங்கள். கைகள் துள்ளித் துள்ளி ஏறினால் உள்ளே காற்று. வாகனம் இல்லாமல் ஐந்தாறு தரம் முழுக்க ஏற்றி இறக்குங்கள். இந்த வெக்கைக்கு 46 இலக்க ஹைட்ரோலிக் ஒயில் நன்றாக நிற்கும். பிறேக் ஒயிலை மட்டும் ஒருபோதும் விடாதீர்கள், சீல் எல்லாம் ஊதிப்போகும். ஒயில் பால்தேநீர் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, முழுவதையும் மாற்ற வேண்டும். ஒயில் தாங்கியின் மூடியில் ஒரு சின்னக் காற்றுத் துளை உண்டு. குளவி அதில் மண்ணப்பிக் கூடு கட்டியிருந்ததை நானே கண்டிருக்கிறேன். அதைக் குத்தி எடுத்தவுடன் லிப்ட் பழைய வேகத்துக்கு வந்தது.

பம்பில் இருக்கும் அமுக்க வால்வைத் திருகாதீர்கள். தொழிற்சாலையில் பாரத்துக்கு ஏற்றபடி வைத்து விட்டது அது. 4 தொன்னுக்கு மேல் தூக்க வைக்கலாம் என்று அதைத் திருகியவர்களின் கதை நல்லதாக முடிந்ததில்லை.

ஒரு பக்கம் முந்துகிறது

இரண்டு பக்கமும் சமமாக ஏறச் செய்வது உருக்குக் கேபிள். புதிதில் அது இழுபடும், ஒரு பக்கம் பின்தங்கும். இரண்டு பக்கத்தையும் ஒரே உயர லொக்கில் இருத்தி, கேபிள் நுனியில் இருக்கும் நட்டைத் திருகுங்கள். பிறகு கண்ணால் அல்ல, காதால் பாருங்கள்: ஏற்றும்போது இரண்டு தூணிலும் லொக் விழும் சத்தம் ஒன்றாக, ஒரே ‘டக்’காகக் கேட்க வேண்டும். ‘டடக்’ என்று கேட்டால் இன்னும் வேலை இருக்கிறது. கேபிளில் ஒரு இழை அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தாலும் மாற்றுவதுதான்.

இரவு விட்டது காலையில் தாழ்ந்திருக்கிறது

இறக்கும் வால்வில் அழுக்கு. ஏற்றும் சுவிச்சையும் இறக்கும் லீவரையும் சேர்த்துச் சில நொடி அழுத்தினால் ஒயில் ஓடி அழுக்கை அடித்துக்கொண்டு போகும். தூணடியில் ஒயில் வடிந்திருந்தால் சிலிண்டர் சீல் போய்விட்டது. ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி: ஏன் ஒயிலை நம்பி விட்டீர்கள்? ஏற்றி முடித்ததும் லீவரைத் தட்டி லொக்கில் இருத்திவிட்டுத்தான் கீழே போக வேண்டும்.

இறங்க மறுக்கிறது

லொக்கில் இருக்கும்போது லீவரை மட்டும் அழுத்தினால் இறங்காது. இரண்டு அங்குலம் ஏற்றி, லொக்கை இழுத்து, பிறகு இறக்க வேண்டும். ஏற்றக் கரண்ட் வேண்டும் என்பதால் கரண்ட் போனால் வாகனம் மேலேயே நிற்கும். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தில், அவசரத்துக்கு எடுக்க வேண்டிய வாகனத்தை லிப்டில் விட்டுவிட்டுச் சைக்கிளில் போனவர்கள் உண்டு. வீட்டுக்கு வைத்திருக்கும் சின்ன ஜெனரேற்றர் இந்த மோட்டரைக் கிளப்பாது.

வாகனம் ஆடுகிறது

நிலத்திலிருந்து அரை அடி ஏறியதும் நிறுத்தி, முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். ஆடினால் இறக்கி, கைகளைத் திரும்ப வையுங்கள். காருக்கு ஓரத்தில் ஜக் வைக்கும் இடம், சேசிஸ் உள்ள டபுள் கேபுக்குச் சேசிஸ். கை அசையாமல் பிடிக்கும் பல்லுச் சக்கரம் விழுந்திருக்கிறதா என்று நாலு மூலையும் போய்ப் பார்க்க வேண்டும், மண் அடைந்தால் விழாது. டபுள் கேபின் பின்பெட்டியில் பத்து மூட்டை நெல்லை வைத்துக்கொண்டு தூக்காதீர்கள். என்ஜினை இறக்கினாலும் அப்படித்தான், பாரம் பின்னுக்குப் போய்விடும்.

கூரை தட்டுகிறது

இதைக் கோளாறு என்று சொல்லவும் வெட்கம். லிப்ட் ஏறத்தாழ 1.8 மீற்றர் தூக்கும். சாதாரணக் கூரை ஹையேஸே 2 மீற்றர் உயரம். இரண்டையும் கூட்டினால் பன்னிரண்டரை அடி. எனது கராஜ் பதினொரு அடி. கார் தப்பும், வான் தப்பாது. உயரம் குறைந்த கராஜுக்குத் தூணில் பெயின்றால் ஒரு கோடு போட்டு, வானுக்கு எத்தனையாவது ‘டக்’கில் நிறுத்துவது என்று எண்ணி எழுதி வையுங்கள். தூணில் துளையிடவோ வெல்டிங் அடிக்கவோ வேண்டாம். நான் கோடு போட்டது பிந்தித்தான். மூன்றாவது வரிசைத் தகரம் ஒன்று இன்றும் மேல்நோக்கிப் புடைத்து நிற்கிறது, மழை பெய்தால் அந்த இடத்தில் மட்டும் சத்தம் வேறு மாதிரிக் கேட்கும்.